கையில் தூக்கிச் செல்லும் கணனிக்கு எந்தப் பெட்டி?



எமது வானொலிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் அண்மைக்காலமாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர். "மகன் கேம் விளையாடுறதுக்கு ஒரு சின்னக் கொம்பியூட்டர் கட்டப்போறானாம். உள்ளுக்குப் போடுற சாமான் வேற, வெறும் பெட்டிக்கு மட்டும் இருநூறு டொலருக்கு மேல வேணுமாம். இது நியாயமோ?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்களுடைய கேள்வி வேறு: "அங்கிள், பத்து லீற்றரா, பதினெட்டு லீற்றரா, எது நல்லது?"

நான் கணக்காளன், கணனிப் பொறியியலாளன் அல்லன். ஆனாலும் இந்த இரண்டு கேள்விகளையும் ஆராய்ந்து பார்த்தால், இது பெரும்பாலும் ஒரு கணக்கு விஷயம்தான். ஒரு பக்கத்தில் இடத்தைக் குறைத்தால் இன்னொரு பக்கத்தில் அதற்கு ஏதோ ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுத்தால் நட்டமில்லை. ஆகவே இந்த மாத உரையில், தூக்கிச் செல்லக்கூடிய கேம் கணனிக்குப் பெட்டியைத் தெரிவு செய்வது எப்படி என்று பார்ப்போம்.

ஏன் தூக்கிச் செல்ல வேண்டும்?

மேசையில் இருக்க வேண்டிய பொருளை ஏன் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பது இயல்பு. எங்கள் குடும்பங்கள் இருக்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள். அண்ணன் மொன்றியலில், தம்பி ஸ்காபரோவில், தங்கை ஒட்டாவாவில். நத்தார் விடுமுறைக்கும் கோடை விடுமுறைக்கும் பிள்ளைகள் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். நாங்கள் கூடினால் கரம் போர்ட்டும் முந்நூற்றிநாலு சீட்டாட்டமும். அவர்கள் கூடினால் கொம்பியூட்டர்.

அடுத்தது படிப்பு. வாட்டர்லூ போன்ற பல்கலைக்கழகங்களில் கோ-ஓப் முறையில் படிக்கும் பிள்ளைக்கு நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் வேலை. ஒவ்வொரு தடவையும் அறை மாறும், சில வேளைகளில் நகரமும் மாறும். மொன்றியலிலே இருக்கும் பிள்ளைக்கும் இடப் பிரச்சினை உண்டு. நான்கரை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது, பிள்ளையின் மேசைதான் பல வேளைகளில் சாப்பாட்டு மேசையும்.

மூன்றாவது, லான் பார்ட்டி என்று சொல்லப்படும் கூட்டங்கள். ஒவ்வொருவரும் தமது கணனியைக் கொண்டுவந்து ஒரே மண்டபத்தில் கம்பியால் இணைத்து விளையாடுவது. இதில் உலகப் புகழ்பெற்ற ட்ரீம்ஹக் 1994 இல் சுவீடனில் மாலுங் என்ற சிற்றூரில் தொடங்கியது. 2016 ஓகஸ்டில் அது எங்கள் நகரின் ஒலிம்பிக் ஸ்ரேடியத்துக்கு வந்தது. எகோல் த தெக்னொலொஜி சுப்பீரியோர் மாணவர்கள் நடத்திய லான் இரிஎஸ் நிகழ்வும் மொன்றியல் இளையோரிடையே நன்கு அறியப்பட்டது. இப்படியான இடத்துக்கு மெட்ரோவில் நாற்பது லீற்றர்க் கோபுரப் பெட்டியொன்றைத் தூக்கிச் செல்வது எவ்வளவு பாடு என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

எப்படிச் சிறிதானது?

தூக்கிச் செல்லும் கணனி என்ற எண்ணம் புதிதல்ல. 1981 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒஸ்போர்ன் 1 என்ற கணனி ஒரு தையல் மெசின் பெட்டி போல இருந்தது. நிறை கிட்டத்தட்ட 11 கிலோ, திரை 5 அங்குலம். இன்றைய சிறிய கேம் கணனிகளின் கதை அதற்கு இருபது வருடங்களுக்குப் பின்னர் தாய்வானில் தொடங்குகிறது. 2001 இல் வியா என்ற தாய்வான் கொம்பனி மினி ஐரிஎக்ஸ் என்ற சதுர மதர்போர்ட்டை அறிமுகம் செய்தது. அதன் அளவு 170 மி.மீ. நீளம், 170 மி.மீ. அகலம். வழமையான ஏரிஎக்ஸ் போர்ட் 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் கொண்டது. பரப்பளவில் பாதிக்கும் குறைவு.

போர்ட் சிறிதானபோது பெட்டியும் சிறிதாகலாம் என்று ஆர்வலர்கள் கண்டுகொண்டார்கள். 2013 இல் என்கேஸ் எம்1 என்ற 12.6 லீற்றர்ப் பெட்டி பொதுமக்களிடம் முன்பணம் திரட்டித் தயாரிக்கப்பட்டது. 2016 இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஒரு வடிவமைப்பாளரின் டான் ஏ4 பெட்டி அதே முறையில் வந்தது; அது 7.2 லீற்றர் மட்டுமே. பெரிய கொம்பனிகள் பின்னர் இந்தத் துறைக்குள் பலமாக இறங்கின. கூலர் மாஸ்ரர் 2020 இல் என்ஆர்200 என்ற 18 லீற்றர் அளவான பெட்டியையும், சுவீடனின் ஃபிராக்ரல் டிசைன் 2023 இல் ரெரா என்ற 10.4 லீற்றர்ப் பெட்டியையும் வெளியிட்டன.

லீற்றர் என்பது என்ன?

பாலுக்கும் பெற்றோலுக்கும் சொல்லும் அதே லீற்றர்தான். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீற்றரில் பெருக்கிப் பத்து இலட்சத்தால் பிரித்தால் லீற்றர் வரும். சாதாரண கோபுரப் பெட்டி 40 முதல் 50 லீற்றர் வரை இருக்கும். 20 லீற்றருக்குக் குறைந்ததைச் சிறிய பெட்டி என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

ஆனால் இந்த லீற்றர்க் கணக்கு ஒரு விதத்தில் எங்களை ஏமாற்றும். ஒரே லீற்றர் அளவுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்று தட்டையாக இருக்கும், மற்றது கட்டையாக இருக்கும். பைக்குள் போவது எது என்பதை லீற்றர் சொல்லாது. ஓர் உதாரணம் பாருங்கள். எயர் கனடாவில் கைப்பைக்குரிய அளவு 55 சென்ரிமீற்றர், 40 சென்ரிமீற்றர், 23 சென்ரிமீற்றர். என்ஆர்200 பெட்டியின் நீளம் 37.6, உயரம் 29.2, அகலம் 18.5 சென்ரிமீற்றர். இந்தப் 18 லீற்றர்ப் பெட்டியே அந்த அளவுக்குள் அடங்குகிறது. மெல்லிய பக்கத்தில் பையின் துணிக்கும் பஞ்சுக்கும் 4.5 சென்ரிமீற்றர் மிச்சம் இருக்கிறது.

அப்படியென்றால் விமானத்தில் கொண்டுபோவதற்காகப் பத்து லீற்றர்தான் வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தக் காரணம் சரியில்லை. பதினெட்டு லீற்றரும் போகும். நிறையிலும் பெரிய வித்தியாசம் வராது. சிறிய பெட்டியானாலும் உள்ளே இருக்கும் கார்ட், பவர் சப்ளை, கூலர் எல்லாம் அதேதான். எல்லாம் சேர ஏழெட்டுக் கிலோ வந்துவிடும். தோளில் கொழுவி மெட்ரோவில் போகிறவருக்குத்தான் அந்த எட்டு லீற்றர் வித்தியாசம் உண்மையாகத் தெரியும். காரின் பின்சீற்றில் போகிறவருக்கு அது பொருட்டே இல்லை.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். 2025 ஜனவரியில் எயர் கனடா அதன் மிகக் குறைந்த கட்டணச் சீட்டில் வட அமெரிக்கப் பயணங்களுக்கு மேல்தட்டில் வைக்கும் கைப்பையை நீக்கிவிட்டது. சீட்டு வாங்கும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான ஸ்க்ரூ டிறைவரைக் கைப்பையில் வைக்க வேண்டாம்.

முதற் கேள்வி: எந்தப் பயணம்?

ஆகவே பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னர் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இதை எங்கே, எதில், வருடத்தில் எத்தனை தரம் கொண்டுபோகப் போகிறாய்?" என்பதுதான்.

வாரத்தில் மூன்று தரம் வகுப்புக்கும் நண்பர் வீட்டுக்கும் என்றால் லப்டொப்தான் பொருத்தம். சிறிய கணனி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அதற்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை, பற்றறி இல்லை. அவற்றையும் சேர்த்துத் தூக்க வேண்டும். பஸ்ஸில் நேரம் போக்குவதற்கு என்றால், 2022 இல் வந்த ஸ்ரீம் டெக் போன்ற கையில் பிடித்து விளையாடும் கருவிகள் 700 கிராமுக்கும் குறைவான நிறையில் இருக்கின்றன.

வருடத்தில் நாலைந்து தரம் ரொறன்ரோவுக்கு, தவணைக்கு ஒரு தரம் பல்கலைக்கழக விடுதிக்கு, மற்ற நாட்களில் வீட்டு மேசையில் என்றால் சிறிய பெட்டி நல்ல தெரிவு. லப்டொப்பில் கிராபிக்ஸ் சிப் போர்ட்டோடு ஒட்டியே இருக்கும். நாலு வருடம் கழித்து அது பழசானால் முழு லப்டொப்பையும் மாற்ற வேண்டும். மேசைக் கணனியில் கார்ட்டை மட்டும் மாற்றலாம். பழுது வந்தாலும் ஒரு பாகத்துக்கு மட்டும்தான் செலவு. இது கணக்குப் பார்க்கிறவர்களுக்குப் பிடித்த விஷயம்.

வீட்டை விட்டு ஒருபோதும் அசையாது என்றால், சாதாரண பெட்டியை வாங்கச் சொல்லுங்கள். அது மலிவு, குளிர்ச்சி, சத்தமும் குறைவு.

இரண்டாவது: கார்ட்டின் மூன்று அளவுகள்

சிறிய பெட்டியில் அதிக இடம் பிடிப்பது கிராபிக்ஸ் கார்ட். அதன் நீளம், உயரம், தடிப்பு மூன்றையும் பார்க்க வேண்டும். நீளத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, மூடி பூட்ட முடியாமல் கடைக்குத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

ஒரே பெயருள்ள கார்ட் கூடக் கொம்பனிக்குக் கொம்பனி அளவில் வேறுபடும். என்விடியா தானே தயாரித்த ஆர்ரிஎக்ஸ் 4070 கார்ட் 244 மி.மீ. நீளம். அதே 4070 ஐ வேறு கொம்பனிகள் 300 மி.மீ. தாண்டியும், மூன்று காற்றாடி வைத்தும் செய்திருக்கின்றன. இந்தக் குழப்பத்தைக் குறைக்க என்விடியா 2024 ஜூனில், சிறிய பெட்டிக்கு ஏற்ற கார்ட் என்றால் எந்த அளவு என்று ஒரு வரையறையை வெளியிட்டது. நீளம் 304 மி.மீ., உயரம் மின்கம்பி வளைவதற்கான இடத்தோடு சேர்த்து 151 மி.மீ., தடிப்பு 50 மி.மீ. இதற்குள் அடங்கும் கார்ட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் எஸ்எஃப்எஃப் ரெடி என்று அடையாளம் இடுகிறார்கள். பெற்றோருக்கு இது வசதி. கார்ட், பெட்டி இரண்டிலும் இந்த அடையாளம் இருந்தால் அளவுப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது.

அந்த 151 மி.மீ. கணக்கில் மின்கம்பிக்கு இடம் விட்டிருப்பதைக் கவனியுங்கள். 2022 இல் வந்த பதினாறு முள் மின்இணைப்பான் சரியாகப் பூட்டப்படாத சந்தர்ப்பங்களில் சூடாகி உருகிய சம்பவங்கள் பலவிடங்களில் நடந்தன. அதனால் அந்தக் கம்பியை இணைப்பானுக்கு மிக அருகில் வளைக்கக்கூடாது, 35 மி.மீ. அளவுக்காவது நேராக வந்த பின்னரே வளைக்கச் சொல்கிறார்கள். ஒடுக்கமான பெட்டியின் மூடி அந்தக் கம்பியை அழுத்திக்கொண்டிருந்தால் அந்தப் பெட்டி அந்தக் கார்ட்டுக்கு உரியதல்ல. பார்வைக்கு மூடி பூட்டியிருக்கிறது என்பது போதாது.

மூன்றாவது: மின்சாரம்

சிறிய பெட்டிகளில் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய பவர் சப்ளை போடுவார்கள். அதன் அளவு 125 மி.மீ., 63.5 மி.மீ., 100 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 0.8 லீற்றர். சாதாரண ஏரிஎக்ஸ் பவர் சப்ளை சுமார் 1.8 லீற்றர். ஒரு லீற்றர் இடம் மிச்சம். ஆனால் அதே வாற்ஸ், அதே தரத்துக்கு எஸ்எஃப்எக்ஸ் பொதுவாக விலை கூட.

எவ்வளவு வாற்ஸ் தேவை? ஆர்ரிஎக்ஸ் 5070 கார்ட் உச்சத்தில் 250 வாற்ஸ் எடுக்கும். 65 வாற்ஸ் என்று விற்கும் ஏஎம்டி சிபியு உச்சத்தில் 88 வாற்ஸ் வரை போகும். போர்ட், ராம், காற்றாடி எல்லாவற்றுக்கும் ஒரு 60 வையுங்கள். மொத்தம் கிட்டத்தட்ட 400. கார்ட்டுகள் கண நேரத்துக்கு இதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதால் 650 வாற்ஸ் வாங்குவது பாதுகாப்பு. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பெயர் தெரியாத மலிவுப் பவர் சப்ளை மற்ற எல்லாப் பாகங்களையும் எரித்துவிடும்.

ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் பவர் சப்ளையின் லேபலில் 100–240 வோல்ற் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே 120, அங்கே 230. அப்படி இருந்தால் கம்பியின் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

நான்காவது: சூடு

கணனி 400 வாற்ஸ் மின்சாரம் எடுத்தால் அவ்வளவும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வரும். பெட்டி பெரிதானாலும் சிறிதானாலும் இதில் மாற்றமில்லை. எங்கள் வீடுகளில் சுவரோரம் இருக்கும் மின்சார ஹீற்றரில் 500 வாற்ஸ் அளவிலும் உண்டு; அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தை மாதத்தில் நல்லது. ஆடி மாதத்தில், ஏசி இல்லாத மூன்றாம் மாடியில், கஷ்டம்.

பெட்டி சிறிதாகும்போது அந்த வெப்பத்தை வெளியே தள்ளச் சிறிய காற்றாடிகள் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் சத்தம் கூடும். பக்கத்துக் கட்டிலில் தங்கை படுத்திருக்கும் அறையென்றால் இது முக்கியம்.

இங்கேதான் எங்கள் கணக்குப் பாடம் வருகிறது. நான் மேலே சொன்ன ரெரா பெட்டிக்குள் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. ஒரு பக்கம் மதர்போர்ட்டும் சிபியு கூலரும், மற்றப் பக்கம் கார்ட். அந்தச் சுவரை நகர்த்தலாம். கார்ட்டுக்கு 43 மி.மீ. தடிப்புக் கொடுத்தால் கூலருக்கு 77 மி.மீ. உயரம் கிடைக்கும். கார்ட்டுக்கு 72 மி.மீ. கொடுத்தால் கூலருக்கு 48 மி.மீ. தான். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் 120. பற்றில் ஏறியது வரவில் இறங்கும்.

எல்லாச் சிறிய பெட்டிகளும் இப்படித்தான். ரெராவில் அது கண்ணுக்குத் தெரிகிறது. தடித்த கார்ட் வேண்டும் என்றால் நொக்ருவா என்எச்-எல்9 போன்ற 37 மி.மீ. உயரக் கூலருக்கு இறங்க வேண்டும். அதற்கேற்ப 65 வாற்ஸ் வகைச் சிபியு போட வேண்டும். என்ஆர்200 போன்ற 18 லீற்றர்ப் பெட்டியில் 150 மி.மீ. உயரக் கூலரும் 330 மி.மீ. நீளக் கார்ட்டும் போகும். குளிர்ச்சியும் சத்தமும் சாதாரண பெட்டிக்குக் கிட்ட வந்துவிடும். முதல் தடவை கட்டுகிற பிள்ளைக்கு நான் 15 முதல் 18 லீற்றர் அளவைச் சொல்வது இதனால்தான். கை நுழைய இடம் இருக்கும். பிழை விட்டாலும் திருத்தலாம்.

ஐந்தாவது: இடையில் வரும் கம்பி

சிறிய பெட்டிகளில் இரண்டு அமைப்புகள் உண்டு. என்ஆர்200, என்கேஸ் எம்1 போன்றவற்றில் கார்ட் நேரே போர்ட்டில் குத்தப்படும். டான் ஏ4, ரெரா போன்றவற்றில் கார்ட்டும் போர்ட்டும் முதுகோடு முதுகாக, சாண்ட்விச் போல நிற்கும். இரண்டையும் ரைசர் கேபிள் என்ற பட்டையான கம்பி இணைக்கும். இடம் நன்றாக மிச்சமாகும். ஆனால் அந்தக் கம்பியும் பழுதாகக்கூடிய இன்னொரு பாகம்.

கம்பி எந்தத் தலைமுறைக்கு உரியது என்று பாருங்கள். ஆர்ரிஎக்ஸ் 50 வரிசைக் கார்ட்டுகள் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஐந்தாம் தலைமுறை. சந்தையில் உள்ள பல பெட்டிகளின் கம்பி நாலாம் தலைமுறை. திரை கறுத்துப் போவது, திடீரென்று நிற்பது போன்ற குறைகள் வந்தால், பயோஸ் அமைப்பில் இணைப்பைத் தானாகத் தெரிவு செய்ய விடாமல் நாலாம் தலைமுறை என்று குறித்துவிட வேண்டும். விளையாட்டின் வேகத்தில் இதனால் வரும் இழப்பு மிகச் சிறிது. கார்ட் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓடுவதற்கு முன்னர் இதைச் செய்து பாருங்கள்.

இதிலே பாதுகாப்பு விஷயமும் உண்டு. என்இசற்எக்ஸ்ரி கொம்பனியின் எச்1 என்ற அழகான சிறிய பெட்டி 2020 இல் வந்தது. அதில் ரைசர் பலகையைப் பெட்டியோடு பூட்டும் ஸ்க்ரூ மின்சாரக் குறுக்கிணைப்பை உண்டாக்கித் தீப்பற்றலாம் என்று தெரியவந்தது. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தப் பெட்டிகள் மீளழைக்கப்பட்டு, பாகம் மாற்றிக் கொடுக்கப்பட்டது. பழைய எச்1 பெட்டிகள் இன்றும் கைமாறி விற்கப்படலாம். பழைய பெட்டி எதையும் வாங்கும் முன்னர் அதன் பெயரை ஹெல்த் கனடாவின் மீளழைப்புப் பட்டியலில் தேடிப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். மரச்சட்டத்தில் கட்டிய பழைய வீடுகளில், மேலும் கீழும் குடும்பங்கள் இருக்க வாழ்கிற எங்களுக்கு அந்த ஐந்து நிமிடம் பெரிதல்ல.

கொண்டுபோகும்போது

கண்ணாடி மூடியுள்ள பெட்டியைவிட உலோக வலை மூடியுள்ளது பயணத்துக்கு நல்லது. கண்ணாடிதான் இருக்கிறது என்றால் அதைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். கார்ட் நேரே போர்ட்டில் குத்தப்பட்ட பெட்டியாயின், நீண்ட பயணத்துக்கு முன்னர் கார்ட்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் வைப்பது உத்தமம். ஒரு கிலோ, இரண்டு கிலோ நிறையுள்ள கார்ட் 401 பெருந்தெருவில் ஐந்து மணித்தியாலம் குலுங்கினால் போர்ட்டின் இணைப்பு உடையலாம். வைஃபை அன்ரனாவையும் கழற்றிவிடுங்கள்.

குளிர்காலத்துக்கு ஒரு தனிக் குறிப்பு. வெளியே மறை இருபது பாகையில் காரில் கிடந்த கணனியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தவுடன் திறந்தால், கண்ணாடி போட்டவருக்கு வாசலில் நடப்பதுதான் அதற்கும் நடக்கும். ஈரம் படியும். போர்ட்டின் மேல் ஈரம் படிந்திருக்கும்போது மின்சாரம் கொடுத்தால் முழுவதும் பழுதாகலாம். ஆகவே பையைத் திறக்காமல் அப்படியே மூன்று, நான்கு மணித்தியாலம் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பின்னர் திறந்து மின்சாரம் கொடுங்கள். பிள்ளைகள் பொறுக்கமாட்டார்கள். முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். வைக்கும்போது சுவரோர ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

காசுக் கணக்கு

கடையில் எழுதியிருக்கும் விலை கடைசி விலை அல்ல. கியூபெக்கில் மத்திய அரசின் வரி 5 சதவீதம், மாகாண வரி 9.975 சதவீதம், மொத்தம் 14.975. பாகங்கள் 2000 டொலர் என்றால் வரி மட்டும் 299 டொலர் 50 சதம். வெளிநாட்டிலிருந்து பெட்டி தருவித்தாலும் சுங்கத்தில் வரி உண்டு. பாகங்களின் பட்டியலில் வரியையும், திரை, விசைப்பலகை, தூக்கும் பை ஆகியவற்றையும் முதலிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மினி ஐரிஎக்ஸ் போர்ட்டில் பொதுவாக ராம் செருகும் இடம் இரண்டுதான். பின்னர் கூட்டலாம் என்று ஒன்றும் மிச்சம் இருக்காது. கூட்ட வேண்டுமானால் இருப்பதைக் கழற்றிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். 2025 இன் கடைசி மாதங்களில் ராம் விலை வெகுவாக ஏறியதைப் பலர் அறிவீர்கள். ஆகவே தேவையான அளவை முதலிலேயே தீர்மானிப்பது நல்லது.

கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வியாபாரியிடம் வாங்கும் பொருள் அதன் விலைக்கும் பாவனைக்கும் ஏற்ற நியாயமான காலத்துக்குப் பயன்பட வேண்டும். கொம்பனி கொடுக்கும் உத்தரவாதத்துக்கு மேலதிகமாக இந்தச் சட்ட உத்தரவாதம் உங்களுக்கு உண்டு. காசு கட்டி வாங்கும் நீடித்த உத்தரவாதத்தைக் கடைக்காரர் நீட்டும்போது இதை நினைவில் வையுங்கள். தனியாள் ஒருவரிடம் பழைய பொருள் வாங்கும்போது இந்தச் சட்டம் வராது. பொதுமக்களிடம் முன்பணம் திரட்டித் தயாரிக்கும் பெட்டிகளும் அப்படித்தான் வேறு வகை. அங்கே நீங்கள் கடையில் வாங்கவில்லை, ஒரு முயற்சிக்குக் காசு கொடுக்கிறீர்கள். மாதக்கணக்கில் பிந்தலாம், வராமலும் போகலாம். செப்ரெம்பரில் விடுதிக்குப் போகும் பிள்ளை அதை நம்பியிருக்கக் கூடாது.

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். வெறும் பெட்டிக்கு இருநூறு டொலர் நியாயமா? பயணம் உண்மையாக இருந்தால் நியாயம். நல்ல பெட்டி இரண்டு மூன்று கார்ட்டுகளின் ஆயுளைத் தாண்டி இருக்கும். பத்து வருடப் பாவனைக்குப் பிரித்தால் வருடத்துக்கு இருபது டொலர். பயணம் இல்லையென்றால் அது அலங்காரச் செலவு.

ஐந்து எண்கள்

பெற்றோருக்கு ஒரு வழி சொல்கிறேன். "வேண்டாம்" என்று சொல்வதற்கும், ஒன்றும் விளங்காமல் கிரெடிற் கார்ட்டை நீட்டுவதற்கும் நடுவில் ஒரு வழி. பிள்ளையிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து ஐந்து விடயங்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

ஒன்று, வருடத்தில் எத்தனை பயணம், எதில், எங்கே. இரண்டு, கார்ட்டின் நீளம், உயரம், தடிப்பு. பக்கத்தில் பெட்டி அனுமதிக்கும் அதே மூன்று அளவுகள். மூன்று, மொத்த வாற்ஸ், பவர் சப்ளையின் வாற்ஸ். நான்கு, கூலரின் உயரம், பெட்டி அனுமதிக்கும் உயரம். ஐந்து, வரியோடு சேர்ந்த மொத்த விலை.

இந்தத் தாளில் எழுதிய அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவந்தால், பெட்டி தானாகவே தெரிவாகிவிடும். இரண்டு பெட்டிகள் மிஞ்சினால் பிள்ளைக்கு வடிவாகத் தெரிவதை வாங்கட்டும். அளவுகள் ஒத்துவரவில்லை என்றால் கடைக்குப் போக இன்னும் நேரமாகவில்லை என்று அர்த்தம்.

எங்களில் பலர் கணனியை முதன்முதலில் தொட்டது இந்த நாட்டுக்கு வந்த பின்னர்தான். அதனால் பிள்ளைகள் இதைப் பற்றிப் பேசும்போது எங்களுக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை என்று ஒதுங்கிவிடுகிறோம். அளவு பார்ப்பதும், செலவு பார்ப்பதும், ஒரு பயணத்துக்கு எதை எடுப்பது எதை விடுவது என்று யோசிப்பதும் எங்களுக்குத் தெரியாத வேலைகளா? அந்தத் தாளைப் பிள்ளையோடு சேர்ந்து இருந்து பாருங்கள். கார்ட் ஏன் அவ்வளவு தடிப்பு என்று கேளுங்கள். அவன் அல்லது அவள் மகிழ்ச்சியாக விளக்கும்.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம்.